கால் மில்லிமீட்டருக்கு அவசரப்பட்டவன்

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டூல்ரூமில் இருபத்தாறு வருடமாக வேலை. இரும்பைக் கடைந்து, தேய்த்து, அச்சு செய்து கொடுக்கிற இடம். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே போதும், எந்த மெஷினில் பேரிங் போகப் போகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட காதுக்கு என் குறட்டை மட்டும் கேட்டதே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது என் மனைவி.

அவள் முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. வீடு கள்ளிக்குப்பத்தில். தினமும் காலையில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, அப்புறம் நான் கம்பெனிக்குப் போவேன். நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசுவது அந்த வண்டியில் மட்டும்தான். வீட்டுக்குள் பேசினால் சண்டை வந்துவிடும். வண்டியில் பாதிப் பேச்சு காற்றில் போய்விடும், அதனால் சண்டைக்கு வழி இல்லை. அவள் சொல்வதற்கெல்லாம் நான் "ஆமாம்" போடுவேன், அவளும் நம்பிக்கொள்வாள்.

போன வருடம் பிப்ரவரியில் ஒருநாள் அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி இடது பக்கமாக ஒதுங்கி, ஆள் இறக்கிக்கொண்டிருந்த ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால் போய் இடித்தது. பெரிய வேகம் இல்லை. ஆனால் அவள் கீழே விழுந்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது, புடவை முழங்காலில் கிழிந்துவிட்டது.

"இன்னா ஆச்சு உனுக்கு?" என்று கேட்டாள்.

"நாய். குறுக்க வந்துச்சு" என்றேன்.

அவள் ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஆட்டோக்காரர்தான் இறங்கி வந்து, "இன்னா நைனா, ஊட்ல தூங்காத இங்க வந்து தூங்கினுக்கீறியா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! யாரைப் பார்த்து என்ன பேச்சு என்று எகிறினேன். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிடும் அளவுக்கு ஆகிவிட்டது. அவள் கைப்பையில் இருந்த ஒரு துணியால் உள்ளங்கையைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அன்று சாயங்காலம் ஆணியில் வண்டிச் சாவி இல்லை.

"சாவி எங்க?"

"என்னாண்ட கீது."

"குடு."

"நீ ராத்திரி பூரா கொறட்ட உடற, பகல்ல சாப்புடசொல்லயே தூங்கற. டி.வி. பாக்கசொல்லயும் தூங்கற. டாக்டராண்ட போய்க் காட்டு. அவரு வண்டி ஓட்லாம்னு சொல்லட்டும், நானே பின்னால ஏறி உக்கார்றேன்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தி, சாவியை வாங்கியிருப்பேன். கத்தவில்லை. மறுநாளிலிருந்து அவள் பஸ், நான் ஷேர் ஆட்டோ. வண்டி மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நின்றது. குறட்டைக்குப் போய் டாக்டரா, ஊரில் எவன்தான் குறட்டை விடவில்லை என்று ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

என் முறுக்கை இறக்கியது கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஓய்வறையில் கட்டையைச் சாய்ப்பது என் வழக்கம். "அண்ணாத்தே, நீ படுத்தா கம்ப்ரஸர் சத்தமே கேக்க மாட்டேங்குது" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவன், ஒருநாள் அதைப் போனில் பிடித்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். சிரியோ சிரி என்று சிரித்தார்கள். போனைப் பிடுங்கி உடைத்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். காதில் வைத்ததும் நின்றுவிட்டேன்.

சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று ஒன்றுமில்லை. அப்படியே நிற்கிறது. எண்ணினேன். இருபதைத் தாண்டியது. அப்புறம் தண்ணீரில் முங்கியவன் தலையைத் தூக்குவதுபோல ஒரு இழுப்பு, மறுபடியும் குறட்டை. ஒரு மெஷின் அப்படி நின்று நின்று ஓடினால் நான் என்ன செய்வேன்? ஓடிப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதைப் பிரித்துப் போடுவேன்.

மறுவாரமே நுரையீரல் டாக்டரிடம் போனேன். உடம்பில் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் தூக்கம் தள்ளுகிறது, நடுத்தர அளவில் இருக்கிறது என்றார் டாக்டர். சரியாகும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, சாவி இருந்த கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதலில் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற முகமூடி மெஷினைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரொம்பப் பேருக்கு அதுதான் நல்ல வைத்தியமாம். எனக்குத் தோதுப்படவில்லை. விதவிதமாக மாற்றிக் கொடுத்தார்கள், பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தார்கள். காலையில் எழுந்தால் முகமூடி கட்டிலுக்குக் கீழே கிடக்கும். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் டாக்டர், "உங்க அளவுக்குப் பல் வழியாவும் ஒரு வழி இருக்கு. எல்லாருக்கும் ஒத்து வராது. பல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"பல் டாக்டரா? கொறட்டைக்கும் பல்லுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றேன் வெளியே வந்து.

"போய்த் தெரிஞ்சுக்கோ" என்றாள் மனைவி.

முகப்பேரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. அவர் பேச்சைக் கேட்டு நானும் அடக்கிக்கொண்டேன், கணக்கு சரியாகிவிட்டது.

"நீங்க மல்லாந்து தூங்கும்போது நாக்கு பின்னால சரிஞ்சு வழியை அடைக்குது. கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துனா நாக்கும் கூடவே வரும். வழி திறக்கும்" என்றார்.

கேட்டதும் எனக்கு டாக்டரம்மாவைப் பிடித்துவிட்டது. இது மருந்து இல்லை, மாத்திரை இல்லை. ஒரு பாகம் இடம் மாறி நிற்கிறது, அதைச் சரியான இடத்தில் பிடித்து வைக்க ஒரு ஃபிக்ஸ்சர். என் தொழில்!

ஆனால் அவர் எடுத்த எடுப்பில் செய்துவிடவில்லை. பல்லெல்லாம் உறுதியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். ஈறு வீங்கியிருக்கிறது, முதலில் அது ஆறட்டும் என்று சுத்தம் செய்து மூன்று வாரம் காக்க வைத்தார். அப்புறம்தான் களிம்பு போன்ற ஒன்றை வாய் நிறைய அடைத்து அச்சு எடுத்தார். தாடையை முன்னால் தள்ளிக் கடிக்கச் சொல்லி, எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து எழுதிக்கொண்டார்.

கருவி வந்த அன்று அதை விட்டுப் பிரிய எனக்கு மனசே வரவில்லை. மேல்பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப்பல்லுக்கு ஒரு தட்டு, கண்ணாடி போல வழுவழுப்பு. இரண்டையும் இணைத்து இரண்டு பக்கமும் குட்டிக் குட்டித் திருகு. ஊசி போன்ற ஒரு கம்பியை விட்டு ஒரு தடவை திருப்பினால் கீழ்த்தட்டு கால் மில்லிமீட்டர் முன்னால் வரும். மறுநாள் அதைக் கம்பெனிக்கே கொண்டுபோய் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். கால் மில்லிமீட்டர் என்றால் கால் மில்லிமீட்டர், துல்லியம். "பாத்தியாடா ஃபினிஷிங்க" என்று நண்பனிடம் காட்டினேன். "தூரப் போ அண்ணாத்தே, வாயில வைக்கறத எல்லாம் காட்டிகினு" என்று ஓடினான்.

"நாலு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு பக்கமும் ஒரே ஒரு திருப்பு. வலிச்சா நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணணும். முழு அளவுக்கு வந்தப்புறம் மறுபடி தூக்க டெஸ்ட். ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்று சொல்லி, காகிதத்திலும் எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டரம்மா.

முதல் வாரம் எச்சில் வழிந்தது, தலையணை நனைந்தது. அது போகட்டும். குறட்டை பாதியாகக் குறைந்துவிட்டது என்று மனைவியே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. திறக்கிற அன்று அவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும், வாசலில் நிற்கும் மற்ற ஆயாக்கள் பார்க்க வேண்டும். இது ஒன்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் எதற்கு?

இங்கேதான் என் இருபத்தாறு வருட அனுபவம் என் காலை வாரிவிட்டது. டூல்ரூமில் ஒரு துண்டு இரும்பைக் கடையும்போது முதலில் ரஃப் கட். முரட்டுத்தனமாக, வேகமாக, கிட்டத்தட்ட அளவுக்குக் கொண்டுவந்துவிடுவோம். கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் ஃபினிஷ் கட், மெல்ல மெல்ல. முதலிலிருந்தே மெல்லக் கடைகிறவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். பாவம், டாக்டரம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை, எல்லாவற்றையும் ஃபினிஷ் கட்டாகவே போடச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பன்னிரண்டு திருப்பு திருப்பினேன். மூன்று மில்லிமீட்டர். மிச்சத்தை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்தியாக எழுந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கருவியைக் கழற்றினேன். தாடை திரும்பி வரவில்லை.

கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. கடைவாயில் பல்லும் பல்லும் தொடவே இல்லை. இரண்டு காதுக்கு முன்னாலும் விண்விண் என்று தெறித்தது. இட்லியை வாயில் வைத்தால் மெல்ல முடியவில்லை. இட்லியை! சாம்பாரில் கரைத்து அப்படியே விழுங்கினேன்.

"இன்னாயா, கொயந்த மாரி கரைச்சு சாப்புடற?"

"சும்மாதான். இன்னிக்கு இப்டி சாப்புடணும் போல இருந்துச்சு."

மூன்று நாள் அப்படியே ஓட்டினேன். ராத்திரியில் கருவியை வாய்க்குள் வைக்கவே முடியவில்லை. குறட்டை பழையபடி திரும்பிவிட்டது. நான்காம் நாள் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"எத்தனை தடவை திருப்புனீங்க?"

"ஒரு… மூணு தபா."

அவர் கருவியை வாங்கி ஒரு சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தார். அளவு பார்க்கிற ஆளிடமே அளவைப் பற்றிப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை புது ஆட்களை நான் இப்படிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்!

"ஏன் சார் இப்படிப் பண்ணுனீய?" கோபத்தில் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "எழுதித் தந்தேன்லா? வலிச்சா நிறுத்துங்கன்னு சொன்னேன்லா?"

ரஃப் கட், ஃபினிஷ் கட் எல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தாடை மூட்டு வீங்கியிருக்கிறது, இரண்டு வாரம் கருவியே போடக்கூடாது, வெந்நீர் ஒத்தடம், மெத்தென்ற சாப்பாடு, அப்புறம் முதலிலிருந்து ஆரம்பம் என்றார். தினமும் காலையில் கடிப்பதற்கு ஒரு சின்னத் துண்டும் கொடுத்தார், கடி பழைய இடத்துக்குத் திரும்பி வருவதற்காக. "நல்ல வேளை சீக்கிரம் வந்தீங்க. உங்க வீட்டம்மாகிட்ட உண்மையைச் சொல்லிருங்க. ரெண்டு வாரம் உங்க மூச்சை அவங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

இதைவிட என்னை இன்னும் இரண்டு மாதம் ஷேர் ஆட்டோவில் போகச் சொல்லியிருக்கலாம். எப்படியும் அதுவும்தான் நடக்கப்போகிறது.

சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பன்னிரண்டு திருப்பையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"இட்லியக் கரைக்கசொல்லயே தெரியும்" என்றாள். "இன்னாத்துக்குயா இவ்ளோ அவசரம்? நான் கேட்டனா?"

"ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு உன்ன வண்டில இட்டுகினு போலாம்னு…"

"எனுக்கு பஸ்ஸுல போறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. உய்ந்து கையில அடிபட்டுச்சே, அது ஆறிப்போச்சு." கீரைக்கட்டை ஒதுக்கி வைத்தாள். "அன்னிக்கு உன் முதுவு மேல தான் கை வெச்சுகினு இருந்தேன். நீ தூங்கனது எனுக்குக் கையிலயே தெரிஞ்சுது. தோள் அப்டியே எறங்குச்சு. உன்ன உலுக்கறதுக்குள்ள இடிச்சுட்ட. எய்ந்து நின்னு நாய்னு சொல்ற. தெருவுல ஒரு நாயி இல்ல. என்னாண்டயே பொய் சொன்னா, நான் எத நம்பி உன் பின்னால உக்கார்றது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாவியை அவள் எடுத்து வைத்தது குறட்டைக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமும் ஒயரும் முகமூடியும் தட்டும் திருகும் என்று எதையெல்லாமோ சரிசெய்யப் பார்த்திருக்கிறேன், சரிசெய்ய வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு.

"நாய் வரல" என்றேன். "தூங்கிட்டேன். ஆட்டோக்காரன் சொன்னது நெசம். உன்ன தள்ளி உட்டுட்டேன்னு பயந்து போய்தான் சொன்னேன். அப்பால மாத்தி சொல்ல வாய் வரல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முந்தானையை நீட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கீரைக்கட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இதக் கடைஞ்சு குழம்பாட்டம் பண்றேன். மெல்ல வேணாம், முழுங்கிக்கோ" என்றாள். அவ்வளவுதான். அந்த இரண்டு வாரமும் கீரை, கஞ்சி, குழைந்த சோறு. ராத்திரி நான் மல்லாந்தால் விலாவில் ஒரு இடி விழும், ஒருக்களித்துவிடுவேன். காலையில் இரண்டு பேரும் தூக்கம் கெட்ட கண்ணோடு காபி குடிப்போம். ஆனாலும் அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே எங்களால் சண்டை போடாமல் பேச முடிந்தது.

பள்ளிக்கூடம் திறந்தது, அவள் பஸ்ஸில் போனாள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாலு நாளைக்கு ஒரு தடவை, அவள் எதிரில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒரே ஒரு திருப்பு. காலண்டரில் அவளே கோடு போடுவாள். வலித்தால் வலிக்கிறது என்று சொன்னேன். ஒருமுறை அப்படிச் சொல்லி ஒரு வாரம் நிறுத்தியும் வைத்தோம். எனக்குப் பொறுமை இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செப்டம்பரில் டாக்டரம்மா போதும் என்றார். கருவியை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி ஒயரோடு தூங்கினேன். நுரையீரல் டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, மூச்சு நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார். பகலில் தூக்கம் தள்ளுகிறதா என்று என்னைக் கேட்டார். பதிலை என் மனைவி சொன்னாள்: "இல்ல சார். நானும் பாத்துகினுதான் கீறேன்." வண்டி ஓட்டலாம், கருவியை ஒரு ராத்திரியும் விடக்கூடாது, பல்லையும் கடியையும் அவ்வப்போது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை உறையை எடுத்து, துடைத்து, காற்றுப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தாள். நான் கிளப்புவதற்குள் கையை நீட்டி, இடது பக்கக் கண்ணாடியைப் பிடித்து என் முகத்தைப் பார்த்துத் திருப்பினாள்.

"இன்னா பண்ற? பின்னால வர்ற வண்டி தெரியாதே!"

"எனுக்கு உன் கண்ணு தெரியணும்."

வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் என் மூஞ்சிக்குப் பின்னால் அவள் மூஞ்சி. முகப்பேர் வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் நான் தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் திரும்பினேன். கம்பெனி வாசலில் நண்பன், "இன்னா அண்ணாத்தே, கண்ணாடில அழகு பாத்துகினே வர்றியா?" என்று கேட்டபோதும் நான் அதைத் தொடவில்லை. அதைத் திருப்ப எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தீபாவளி போய், மழை போய், பனி விழ ஆரம்பித்த ஒரு காலையில் எஸ்டேட் சிக்னலில் நின்றிருந்தோம். பின்னாலிருந்து கை வந்தது. கண்ணாடியைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"போதும்யா. எவ்ளோ நாளைக்கு உன் மூஞ்சியவே பாத்துகினு போறது?"

பச்சை விழுந்தது. கண்ணாடியில் பின்னால் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி தெரிந்தது. அவள் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு கையும் என் இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொண்டன, முதுகில் அவள் தலை வந்து சாய்ந்தது. அவள் தூங்கினால் விழுந்துவிடுவாளே என்று பயந்து, முகப்பேர் வரைக்கும் மெதுவாகவே ஓட்டினேன்.